அதிகாரம் இறுகும்போது சாதாரண ஜனங்கள் ஏன் வாய் திறப்பதில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். வருகிறவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை", "நம்ம ஆளுங்க பயந்தாங்கொள்ளி" என்று இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடித்துக் கலையும் கூட்டமாக இது ஆகிவிடக் கூடாது.

ஒரு நாட்டில் பத்திரிகையின் வாயை அடைக்கிறார்கள், நீதிமன்றம் வளைகிறது, தேர்தல் தள்ளிப்போகிறது. பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் மறுநாள் காலையில் எல்லோரும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்களே, ஏன்? ஆராய்ச்சியில் என்ன சொல்கிறார்கள், சட்டப்படி யாருக்கு என்ன இழப்பு, கடலூர்–புதுச்சேரிப் பக்கத்தில் என்ன உதாரணம் இருக்கிறது? வருஷம், பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். கட்சிச் சண்டை வேண்டாம்.

---

எண்சுவடி

பயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. பல வருஷம் வாய் திறக்காத அதே ஜனம் ஏன் ஒரு மாதத்துக்குள் தெருவை நிறைக்கிறது? இருந்த பயமெல்லாம் ஒரே மாதத்தில் எங்கே போயிற்று?

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1978ல் போட்டுக் காட்டிய கணக்கை நீங்கள் கரும்பலகையிலேயே போடலாம். 100 பேர் இருக்கிறார்கள். "எனக்கு முன்னால் இத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன்" என்று ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண். ஒருவருக்கு 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. 0 எண்காரர் இறங்குவார், அவரைப் பார்த்து 1, இருவரையும் பார்த்து 2. கடைசியில் நூறு பேரும் தெருவில். இப்போது ஒரே ஒரு ஆளை மாற்றுங்கள். எண் 1 வைத்திருந்தவருக்குப் பதிலாக இன்னொரு 2 எண்காரர். முதல் ஆள் இறங்குவார், பின்னால் யாரும் வர மாட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு ஊர் ஜனங்களின் மனமும் ஏறத்தாழ ஒன்றுதான், விளைவு மட்டும் ஒன்றில் நூறு, இன்னொன்றில் ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிறவர் ஒன்றை வீர ஊர் என்பார், மற்றதைக் கோழை ஊர் என்பார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்தவர் மனதில் என்ன எண் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதிகாரம் இறுக இறுக மனதில் இருப்பதை வெளியே சொல்வது குறைகிறது, வாய் வேறு பேசுகிறது. பொருளியலாளர் தைமூர் குரான் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். எல்லோருமே பொய்க்குத் தலையாட்டினால், எல்லோருமே "நான் ஒருத்தன்தான் இப்படி நினைக்கிறேன் போல" என்று நம்பிவிடுவார்கள். அரசுக்கு வேண்டியதும் அதுதான். எல்லோரையும் ஜெயிலில் போட எந்த அரசாலும் ஆகாது. ஒருவர் மனதை மற்றவர் அறியாமல் செய்தால் போதும்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையும் இதற்குப் பொருந்தும். மூன்று கோடுகளில் எது கொடுத்த கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். கூட இருப்பவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துத் தவறான விடை சொல்லும்போது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போயிற்று. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னால் இது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்தது. சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் குறைந்தது. இந்த இரண்டு மாற்றத்தையும் கூட்டத்தில் விடாமல் சொல்லுங்கள், பின்னால் கைகொடுக்கும்.

கிழக்கு ஜெர்மனி லைப்சிக் நகரத்தில் 1989ல் எல்லோர் கண் முன்னாலும் நடந்ததும் இதுதான். திங்கட்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு நிக்கோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை, முடிந்ததும் ஊர்வலம். செப்டம்பர் தொடக்கத்தில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். அக்டோபர் 9 அன்று சுமார் 70,000. நவம்பர் 9ல் பெர்லின் சுவர் திறந்துவிட்டது. நாளும் இடமும் மணியும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டீஸ் அடிக்க வேண்டாம், தலைவர் கூப்பிட வேண்டாம். போன வாரம் எத்தனை பேர் என்று ஓரமாக நின்று பார்த்துவிட்டு இந்த வாரம் சேர்ந்துகொள்ளலாம். தயங்குகிறவனுக்கு ஓரமாக நிற்க ஓர் இடம் இருந்தது. அதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து.

---

மஞ்சக்குப்பம்_வக்காலத்து

எண்சுவடி சொன்ன அந்த 'மனதில் உள்ள எண்' நம் ஊரில் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். லத்தியடியை விடக் காகிதத்துக்குத்தான் இங்கே பயம் அதிகம். இரண்டு காகிதம்: பாஸ்போர்ட், அரசு வேலை ஆர்டர்.

நடைமுறை என்னவென்றால், ஆர்ப்பாட்டத்தில் பிடித்தால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். பலர் அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். சில சமயம் பின்னாலேயே எப்.ஐ.ஆர். விழுந்திருக்கும். வழக்கமான பிரிவுகள் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 189(2), அதாவது சட்டவிரோதக் கூட்டம், பழைய 143. அதற்கு ஐந்து பேர் இருந்தால் போதும். இன்னொன்று 223, பழைய 188, அதிகாரியின் உத்தரவை மீறியது. எப்.ஐ.ஆரில் ஐந்தாறு பெயரைப் போட்டுவிட்டு "மற்றும் பலர்" என்று முடிப்பது ஒரு வித்தை. அந்தப் 'பலரில்' தான் இருக்கிறோமா என்று ஊரே ராத்திரித் தூக்கம் கெட்டுக் கிடக்கும்.

பிள்ளைகளுக்கு இதில் எது நிஜமான இழப்பு, எது வெறும் பூச்சாண்டி என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பாதி பூச்சாண்டி. 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கைப் பற்றி. நீதிமன்றம் குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுக்காதவரை வெறும் எப்.ஐ.ஆர். அந்தக் கணக்கில் வராது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வழக்கு நடந்தால்கூட, 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி நீதிமன்ற அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க வழி உண்டு. சிக்கல் என்னவென்றால் சிங்கப்பூர், வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் 15 நாள் கெடு வைப்பார், நீதிமன்றம் அந்தக் கெடுவைப் பார்க்காது.

போலீஸ் வேலை நிஜமான இழப்பு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(ஆ)வின் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கில் எடுப்பார்கள். வழக்கு இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தால் அதுவே தனிக் காரணமாகித் தேர்வு ரத்தாகும். ஆக எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் பையன் ஆர்ப்பாட்டத்துக்கு வரவில்லை என்றால் அவனைக் கோழை என்று சொல்வது நியாயமில்லை. அவன் கணக்கு சரியான கணக்கு.

188 வழக்கு பலமுறை நிற்பதில்லை. அந்தப் பிரிவில் போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) 195, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 215. 2018ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, இப்படிப் போட்ட வழக்குகளை ரத்து செய்தது. ரத்து மனு இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528ல். ஆனால் அந்த மனுவுக்குச் சென்னைக்கு நடக்க வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், தினக்கூலிக்காரருக்கு அதுவே தண்டனை. கடைசியில் ஜெயிப்பது வேறு விஷயம், அதுவரை அலைவதுதான் அடி.

அரசு ஊழியர்கள் ஏன் அடங்கிப் போகிறார்கள் என்று யாராவது கேட்டால் 2003 ஜூலையைச் சொல்லுங்கள். வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003 ஆகஸ்ட் 6ல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் சொல்லிவிட்டது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த மன்னிப்புக் கடிதம் எழுதிய கை இன்னும் பல ஆபீஸ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

---

முத்தியால்பேட்டைக்காரி

கெடிலக்கரை அண்ணா, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம். மூன்றும் வேறு வேறு திசையில் இழுக்கும், பரவாயில்லை.

1936 ஜூலை 30. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டு 12 பேர் செத்தார்கள். இன்றும் ஜூலை 30ல் இங்கே தியாகிகள் தினம் உண்டு. மறுவருஷமே எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் சட்டம் வந்தது. அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது? அவர்கள் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே வாசல். பக்கத்துத் தறிக்காரன் என்ன நினைக்கிறான் என்பது சாப்பாட்டு வேளையில் தெரிந்துவிடும். எண்சுவடி சொன்ன மறைந்திருக்கும் எண் அங்கே மறைந்திருக்கவில்லை. பிரான்சிலும் அப்போதுதான் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி அரசு வந்திருந்தது, மேலிடத்தில் காது கேட்கும் ஆள் இருந்தார்கள். இதை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதை.

இன்றைய ஒப்பந்தத் தொழிலாளியை அதன் பக்கத்தில் வையுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981 சட்டம். அந்த எண்ணிக்கை நிறையாதபடி நடுவில் 'பிரேக்' கொடுத்து, பெயரை இன்னொரு காண்டிராக்டர் கணக்கில் ஏற்றுவது ஊரறிந்த தந்திரம். அவனுக்குத் தன் முதலாளி யார் என்பதே நிச்சயமில்லை, பக்கத்தில் நிற்பவன் அடுத்த மாதம் இருப்பானா என்பதும் நிச்சயமில்லை. யாரை நம்பி அவன் எண்ணைக் குறைத்துக்கொள்வான்?

இரண்டாவது, தப்பிப் போக வழி இருப்பது. பாரதி 1908ல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்தார், பத்து வருஷம் இருந்தார், 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் புகலிடம் இருந்ததால்தான் அந்த எழுத்தெல்லாம் பிழைத்தது, சரி. ஆனால் புகலிடம் இருந்தால் முதலில் கிளம்புகிறவர் யார்? எண் 0, எண் 1 வைத்திருப்பவர்தான். அவர் போய்விட்டால் ஊரில் மிச்சம் இருப்பது 20க்கு மேல் வைத்திருப்பவர்கள். இன்றைக்கும் வாய் உள்ள பையன் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுகிறான். யாரும் அடக்காமலே ஊர் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது, மெல்ல மெல்லத் தேய்வது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968ல் நடந்தது. அடுத்தது 2006ல், 38 வருஷம் கழித்து. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில். இதற்காகக் கடை அடைத்தவர் யார்? எந்த ஒரு நாளிலும் எதுவும் பறிபோகவில்லை, 'இன்று நடக்கவில்லை' என்பது மட்டும்தான் ஒவ்வொரு நாளும் நடந்தது. கோபப்பட ஒரு தேதி வேண்டும் அண்ணா. கடலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் 2016 கடைசியிலிருந்து 2019 கடைசி வரை ஊராட்சித் தலைவர்கள் இல்லை, 2025 ஜனவரி 5ல் மறுபடி பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள்.

---

நெல்லிக்குப்பம்_பாசஞ்சர்

எல்லோரும் ஒரு விஷயத்தை முன்னாலேயே ஒப்புக்கொண்டு பேசுகிறீர்கள்: ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தயங்குகிறார்கள் என்று. பிடித்திருந்தால்?

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்கும் மிசா சட்டத்தில் சுமார் 35,000 பேரும் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் சுமார் 75,000 பேரும் உள்ளே போனதாக, நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பின்னால் விசாரித்த ஷா கமிஷன் கணக்கு. 1976 ஜனவரி 31ல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த அரசையே கலைத்தார்கள். 1977 மார்ச்சில் ஓட்டு. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஆந்திரத்தில் 42க்கு 41. தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த அ.தி.மு.க. அணிக்கு 39க்கு 34, புதுச்சேரியும் அந்த அணிக்கே. ரகசிய ஓட்டு, யாரும் பார்க்கவில்லை, தயங்கக் காரணமே இல்லை. அப்போதும் நம் பக்கத்து ஓட்டு அப்படித்தான் விழுந்தது.

வடக்கே ஆள் பிடித்துக் கருத்தடை செய்தார்கள், 1976–77ல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல். அடி அங்கே அதிகமாக விழுந்தது. இங்கே பலருக்குத் தெரிந்தது, ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் ஆள் சீட்டில் இருந்தார், அவ்வளவுதான். தணிக்கை இருந்ததால் வடக்கே நடந்தது தெற்கே பேப்பரில் வரவில்லை. எம்.ஜி.ஆர். அலை, கலைக்கப்பட்ட தி.மு.க. அரசின் மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் எல்லாம் வேறு காரணங்களாக உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "அடி என் முதுகில் விழவில்லை" என்பதையும் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. உங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களில் பாதிப் பேர் எமர்ஜென்சியைப் புகழ்வார்கள். தயாராகப் போங்கள்.

---

எண்சுவடி

பாசஞ்சர் சார் சொன்னது சரியான வெட்டு. ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். தணிக்கை இருக்கும் இடத்தில் 'பிடித்திருந்தது' என்பதை எடை போடவே முடியாது. தெரியாததை எதிர்க்க முடியாது, தெரியாததை ஆதரித்ததாகவும் சொல்ல முடியாது.

நெருக்கடி நிலையிலிருந்து ஆஷ் சோதனைக்கு நேரான உதாரணம் வேண்டுமானால் 1976 ஏப்ரல் 28. உச்ச நீதிமன்றத்தில் ஜபல்பூர் வழக்கு. காரணமில்லாமல் பிடித்து வைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் முடியும் என்றார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி இளையவருக்குப் போயிற்று, அவர் ராஜினாமா செய்தார். 2017ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. நாட்டின் உச்சப் பதவியில் இருந்தவர்களிலேயே ஐந்துக்கு நால்வர் கூட்டத்தோடு போயிருக்கும்போது, சிப்காட் ஷிப்ட் ஆளிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

---

கெடிலக்கரை

நான்கு பேருக்கும் நன்றி. வக்கீல் சாரிடமும் எண்சுவடியிடமும் இன்னும் ஒரு கேள்வி. என் பேச்சைக் கேட்டவர்கள் "சரி, அப்போ என்னதான் செய்யறது?" என்று எழுவார்கள். பெரிய புரட்சி வேண்டாம். தன் எண் 40 என்று வைத்திருக்கும் ஆள் செய்யக்கூடியது என்ன?

---

எண்சுவடி

ஆஷ் சோதனையின் இரண்டு மாற்றம்தான் வழி. தனியாக எழுத விடுங்கள், ஒரு துணையைக் காட்டுங்கள்.

மனுவில் கையெழுத்து மேலிருந்து கீழே போனால் முதல் பெயர்தான் மாட்டும், அதனால் யாரும் முதலில் போட மாட்டார்கள். தாளின் நடுவில் கோரிக்கையை எழுதி, கையெழுத்தைச் சுற்றி வட்டமாக வாங்கினால் முதல் ஆள் யார் என்று தெரியாது. இன்னொன்று நிபந்தனைக் கையெழுத்து: "50 பேர் சேர்ந்தால்தான் இந்த மனு போகும், சேராவிட்டால் தாளைக் கிழித்துவிடுவோம்" என்று முன்பே சொல்லி வாங்குவது. 40 எண்காரர் தயங்காமல் போடுவார். இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். தாளை வைத்திருப்பவர் 30லேயே அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டால் அந்த ஊரில் அடுத்த பத்து வருஷம் யாரும் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அதே கேடு.

கிராம சபையைக் குறைத்து எடை போடாதீர்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லைப்சிக் திங்கட்கிழமை மாதிரி நாள் முன்கூட்டியே தெரியும், போவதே குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வழக்கமாக நடக்கும் கோளாறு, வராதவர் கையெழுத்தைப் பின்னால் வீடு வீடாக வாங்கி நிரப்புவது. தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே அன்றைக்கே கோடு போட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம் மாதிரி மீனவ ஊர்களில் கணக்கு வேறு. ஊர்ப் பஞ்சாயத்து 'நாளைக்குத் தொழிலுக்குப் போக வேண்டாம்' என்றால் ஒருவரும் போவதில்லை, தனி ஆள் எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அப்போது உட்கார்ந்தால் வருமான இழப்பும் கிடையாது. ஆனால் அதே பஞ்சாயத்து தவறாக முடிவெடுத்தால் உள்ளேயிருந்து மறுத்துப் பேசுகிறவருக்கு ஒதுக்கிவைப்பு. ஒற்றுமைக்கு இப்படி இரண்டு பக்கமும் கூர் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள்.

---

மஞ்சக்குப்பம்_வக்காலத்து

தகவல் உரிமை மனுவில் தொடங்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாளில் பதில், இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையம். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை, பிரிவு 6(2). சங்கத்தின் பெயரில் போட்டால் திருப்பிவிடுவார்கள், தனி ஆள் பெயரில்தான் போக வேண்டும். அதனால் எப்போதும் ஒரே ஆள் போடாமல் முறை வைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒருவரை மட்டும் 'மனுக்காரன்' என்று ஒதுக்கி முடக்கிவிடுவார்கள்.

ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: கூட்டம் கூடத் தடை விதிக்கும் பி.என்.எஸ்.எஸ். 163 உத்தரவு, பழைய 144, போட்டிருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். அது இரண்டு மாதத்துக்கு மேல் தானாக நீளாது. முன்னெச்சரிக்கைக் கைது 170ல் 24 மணி நேரம்தான். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், நீங்கள் காட்டும் ஒருவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். 1996 டி.கே. பாசு தீர்ப்பில் வந்து இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலேயே 36, 47, 48 பிரிவுகளில் இருக்கிறது. இலவசச் சட்ட உதவி எண் 15100, செல்போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காவல்துறை இணையதளத்தில் அந்த ஸ்டேஷன் எப்.ஐ.ஆர். பட்டியலைப் பாருங்கள், பாஸ்போர்ட் விசாரணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மண்டபத்தில் கையெழுத்துக் கேட்டால் வெற்றுத்தாளில் போடாதீர்கள். எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் மணியும் சேர்த்து எழுதுங்கள்.